முற்றிய பெருங்குடல் புற்றுநோய்: மருந்துத் தேர்வும் குடும்பத்தின் கையிருப்பும்

(உரையின் எழுத்து வடிவம்)

பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின்னர்தான் கண்டறியப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் குடும்பத்தார் இரண்டு கேள்விகள் கேட்பர். எவ்வளவு காலம் என்பது ஒன்று. எவ்வளவு பணம் என்பது மற்றொன்று. வசதி படைத்த நாடுகளில் முதற்கேள்வி முந்தி வரும். நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியே முந்திக்கொள்கிறது. ஆகவே, இந்நோய்க்கான மருந்துத் தேர்வு மருத்துவ மாணவர்கள் மட்டும் படிக்கவேண்டிய பொருள் என்று கருதிவிடுதல் சரியாகாது. நிர்வாகத்தில் இருப்போரும், பொருளாதாரம் பயில்வோரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

உலகில் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இந்தியாவில் 2022-க்கான மதிப்பீடு சுமார் 70,000 புதிய நோயாளிகள் என்கிறது. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இது குறைந்த விகிதமே. ஆயினும் இங்கு வருவோரில் பலர் நோய் முற்றிய நிலையிலேயே வருகின்றனர் என்பதுதான் வேறுபாடு. மலத்தில் இரத்தம் கண்டால் மூலநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்க்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணம்.

நோய் பரவிவிட்டது என்பதனாலேயே கதை முடிந்தது என்று கொள்ளவேண்டியதில்லை. கல்லீரலில் மட்டும் சில கட்டிகள் இருப்பின், மருந்தினால் அவற்றைச் சுருக்கி, அறுவை மூலம் அகற்றிப் பூரணமாகக் குணமடைந்தோரும் உண்டு. எனவே முதல் மருந்து ஏறுவதற்கு முன்னரே அறுவை மருத்துவர் ஒருவர் படங்களைப் பார்த்துவிடுதல் அவசியம். ஆனால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையின் நோக்கம் ஆயுளை நீட்டிப்பதும் துன்பத்தைக் குறைப்பதுமே ஆகும்.

இச்சிகிச்சையின் அடித்தளமாக இன்றும் விளங்குவது 1957-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பர்கரும் அவர்தம் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்திய ஃபுளோரோயூரசில் என்னும் மருந்து. புற்றணுக்கள் யூரசில் என்ற பொருளை அதிகமாக உட்கொள்கின்றன என்ற கவனிப்பிலிருந்து இது பிறந்தது. யூரசிலின் சாயலில் ஒரு போலியைச் செய்து கொடுத்தால், அணு அதனை ஏமாந்து ஏற்று, மரபணுப் பொருளைப் படைக்க இயலாமல் அழிகிறது. லூகோவோரின் என்ற துணைமருந்தைச் சேர்த்தால் இதன் பிடி மேலும் இறுகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் இந்நோய்க்கு இதனைத் தவிர உருப்படியான மருந்து வேறு இல்லை. சிகிச்சையே இன்றி ஆறு மாத அளவில் இருந்த இடைநிலை ஆயுட்காலம், இதனால் ஓராண்டை எட்டியது.

அடுத்து வந்த இரண்டு மருந்துகளின் பிறப்பும் சுவையானது. நார்த் கரோலினாவில் பணியாற்றிய மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் சீன மரம் ஒன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து 1966-இல் வெளியிட்டனர். அது சிறுநீர்ப்பையைப் பாதித்ததால் ஆரம்பச் சோதனைகள் கைவிடப்பட்டன. ஜப்பானியர் அதனைத் திருத்தி இரினோட்டிகன் என்ற மருந்தாக்கினர். இதே கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் ஒன்றிலும் உண்டு என்று டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதன் ஆகியோர் 1972-இல் காட்டினர். மகாராஷ்டிரத்தில் ‘நர்க்யா’ எனப்படும் அம்மரம் பின்னர் பெருமளவில் வெட்டப்பட்டு, கட்டையாகவே வெளிநாடு சென்றது. கட்டையை விற்று மருந்தை வாங்குவது எத்தகைய வாணிபம் என்பதைப் பொருளாதார மாணவருக்கு விளக்கவேண்டியதில்லை. மற்றொரு மருந்தான ஆக்சாலிபிளாட்டின் 1976-இல் ஜப்பானின் நகோயாவில் தயாரிக்கப்பட்டு, பிரான்சில் வளர்ந்து, 1996-இல் அங்கு முதலில் அனுமதி பெற்றது.

ஃபுளோரோயூரசிலோடு ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்தால் ‘ஃபோல்ஃபாக்ஸ்’. இரினோட்டிகன் சேர்ந்தால் ‘ஃபோல்ஃபிரி’. எது முதலில், எது பிறகு என்ற கேள்விக்குப் பிரெஞ்சு ஆய்வொன்று 2004-இல் விடை தந்தது. ஃபோல்ஃபிரியில் தொடங்கி ஃபோல்ஃபாக்சுக்கு மாறியோரின் இடைநிலை ஆயுட்காலம் 21.5 மாதம், எதிர் வரிசையில் சென்றோருக்கு 20.6 மாதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆகவே தேர்வு பக்கவிளைவைப் பொறுத்ததாகிறது. ஆக்சாலிபிளாட்டின் விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யும். குளிர்ந்த நீரைத் தொட்டாலே கூசும். தையற்காரருக்கும் நெசவாளருக்கும் விரல்நுனிதான் பிழைப்பு. இரினோட்டிகன் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், தலைமுடி உதிரும். நல்ல குடிநீரும் கழிப்பிடமும் அருகில் இல்லாத வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு அந்த வயிற்றுப்போக்கே உயிருக்கு உலையாகலாம். நோயாளி என்ன தொழில் செய்கிறார், எங்கே தங்கியிருக்கிறார் என்ற விசாரிப்பு சிகிச்சையின் ஒரு பகுதியேயன்றி மரியாதைக்கான பேச்சாகாது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. நெதர்லாந்தில் 820 நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றோர் 16.3 மாதமும், தொடக்கத்திலேயே கூட்டாகப் பெற்றோர் 17.4 மாதமும் வாழ்ந்தனர். புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. கட்டியை விரைவில் சுருக்கவேண்டிய அவசரம் இருப்போருக்குக் கூட்டுமருந்தே ஏற்றது. மற்றவர்களுக்கு, குறிப்பாக முதியோருக்கும் மெலிந்தோருக்கும், எளிய மருந்தில் தொடங்குவது இரண்டாந்தரச் சிகிச்சை ஆகாது. அவ்வாறே, ஆக்சாலிபிளாட்டினைச் சில மாதங்களில் நிறுத்தி, எளிய மருந்தை மட்டும் தொடர்ந்து, தேவைப்படின் அதனை மீண்டும் சேர்க்கும் முறையிலும் ஆயுள் குறைவதில்லை என்று மற்றொரு பிரெஞ்சு ஆய்வு காட்டிற்று. நரம்பும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

செலவைப் பற்றிப் பேசுங்கால் மருந்தின் விலையை மட்டும் பார்ப்பது நிர்வாகிகள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஃபோல்ஃபாக்ஸ் முறையில் இரு வாரத்துக்கு ஒருமுறை 46 மணி நேரம் மருந்து தொடர்ந்து உடலில் இறங்கவேண்டும். அதற்கு மார்பில் ஒரு குழாய்வாயிலும், ஒரு பம்பும், அல்லது மருத்துவமனையில் ஒரு படுக்கையும் வேண்டும். கேப்சைட்டபின் என்பது வாய்வழி உட்கொள்ளும் மாத்திரை. உடலுக்குள் சென்று ஃபுளோரோயூரசிலாக மாறுகிறது. இதனை ஆக்சாலிபிளாட்டினோடு சேர்த்துத் தரும்போது மூன்று வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மருத்துவமனைக்கு வந்தால் போதும். ஆயுளை நீட்டுவதில் இரண்டும் சமம். பீகாரிலிருந்து மும்பைக்கு வரும் ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரயில் கட்டணம், பரேல் பகுதியில் தங்குமிடம், உடன் வரும் மகனின் இழந்த கூலி ஆகியவை எந்த மருந்துப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மாத்திரை இச்செலவுகளில் பெரும்பகுதியைக் குறைக்கிறது. ஆனால் மாத்திரையிலும் ஆபத்துண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். வயிற்றுப்போக்கு மிகுந்தால் உடனே நிறுத்தவேண்டும். விலை கொடுத்து வாங்கிய மாத்திரையை வீணாக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டே இருப்போர் உண்டு. இம்மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குச் சாதாரண அளவே நஞ்சாகும் என்பதால், முன்கூட்டியே அதனைச் சோதிக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது.

2004-ஆம் ஆண்டிலிருந்து உயிரியல் மருந்துகள் களத்துக்கு வந்தன. கட்டிக்கு இரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிஸுமாப், அன்றைய கூட்டுமருந்தோடு சேர்ந்து இடைநிலை ஆயுளை 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்த்தியது. செடுக்சிமாப் என்பது மற்றொன்று. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கணக்கு படிப்போரைத் திடுக்கிடச் செய்தது. முதல் எட்டு வாரச் சிகிச்சைக்கான மருந்துச் செலவு, பழைய ஃபுளோரோயூரசில் முறையில் 63 டாலர். செடுக்சிமாப் சேர்ந்த முறையில் 30,000 டாலருக்கும் மேல். ஆயுள் ஏறக்குறைய இரட்டித்தது. செலவு பல நூறு மடங்காயிற்று. பிரிட்டனின் மதிப்பீட்டு நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் 2007-இல் இந்நோய்க்குப் பரிந்துரைக்க மறுத்தது. நலமான ஓராண்டு ஆயுளுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை என்று அங்கு ஒரு வரம்பு வைத்திருந்தனர். பலனை ஒப்புக்கொண்டும், அந்த வரம்பினால் மறுத்தனர்.

இங்கு சோதனையின் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. கட்டியில் ராஸ் மரபணு மாறியிருப்பின் செடுக்சிமாப் பலனளிக்காது என்பது 2008 அளவில் உறுதியாயிற்று. பெருங்குடலின் இடப்பக்கத்தில் தோன்றிய, மாற்றமில்லாத கட்டிகளிலேயே அதன் பயன் மிகுதி. எனவே சோதனைக்கு ஆகும் தொகை, மாதக்கணக்கான வீண் செலவைத் தடுக்கும் காப்பு. அதைப் போன்றே, மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் இழந்த கட்டிகள், பரவிய நோயாளிகளில் நூற்றுக்கு நான்கைந்து பேரிடம் உள்ளன. அவர்களுக்குக் கீமோதெரபியைவிட நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் நல்ல பலன் தருவதாக 2020-இல் அறியப்பட்டது. விலையோ நம்மவருக்கு எட்டாத உயரத்தில். சோதனை செய்து, பலன் தரும் மருந்தின் பெயரையும் சொல்லி, வாங்க இயலாதென்று தெரிந்தே அனுப்பும் மருத்துவரின் நிலை எளிதன்று.

இந்தியாவில் பழைய மூன்று மருந்துகளும் எட்டக்கூடிய விலையில் கிடைப்பதற்குக் கொள்கையே காரணம். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்காமல் செய்முறைக்கு மட்டும் வழங்கியது. 2005-இல் பொருளுக்கும் உரிமை வந்தது என்றாலும், அதற்குள் உள்நாட்டுத் தொழில் வேரூன்றிவிட்டது. ஆக்சாலிபிளாட்டினும் கேப்சைட்டபினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தன. 2022-இல் இரினோட்டிகனும் சேர்ந்தது. பட்டியலில் சேர்வதால் விலை உச்சவரம்பு பொருந்தும். பட்டியலுக்கு வெளியே நின்ற 42 புற்றுநோய் மருந்துகளுக்கு 2019 பிப்ரவரியில் வணிக இலாபம் 30 சதவீதமாக வரையறுக்கப்பட்டது. உற்பத்தியாளர் விற்கும் விலைக்கும் உறையில் அச்சிடும் விலைக்கும் இடையே இருந்த பள்ளம் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இதனினும் பயனுள்ளது கூட்டுக் கொள்முதல். டாட்டா நினைவு மையத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, 23 மருத்துவமனைகளின் தேவையைத் திரட்டி 40 மருந்துகளுக்கு ஒரே பேரமாகப் பேசியது. சேமிப்பு 82 சதவீதம். தனித்தனியே வாங்கும்போது ஒரே மருந்துக்கு ஒவ்வொரு மருத்துவமனையும் வெவ்வேறு விலை கொடுத்திருந்தது. வாங்குவோர் சேர்ந்து நின்றால் விற்போர் இறங்கிவருவர் என்பதற்குச் செல்வநாட்டிலும் சான்றுண்டு. 2012-இல் நியூயார்க்கின் பெயர்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை ஒன்று, பெருங்குடல் புற்றுநோய்க்கான புதிய மருந்தொன்று ஏற்கெனவே உள்ளதைப் போன்றதே, விலை மட்டும் இருமடங்கு என்று கூறி, அதனை வாங்க மறுப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தது. சில வாரங்களில் நிறுவனம் விலையைப் பாதியாக்கியது.

2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. கீமோதெரபி முறைகளும் அதில் அடங்கும். பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் செலவே அதில் ஏற்கப்படுகிறது. புற்றுநோயைக் கண்டறிய உள்நோக்கிச் சோதனை, திசுச் சோதனை, ஸ்கேன் என்று வாரங்கள் ஆகின்றன. அட்டையைக் காட்டும் வேளை வருமுன்னரே நகைகள் அடகுக் கடைக்குச் சென்றிருக்கும்.

இரண்டு கூட்டுமருந்துகளும் பலனற்றுப்போன பின்னர் வரும் மருந்துகளைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசவேண்டும். ரெகோரஃபெனிப் என்ற மாத்திரை இடைநிலை ஆயுளை 5.0 மாதத்திலிருந்து 6.4 மாதமாக்கியது; டிரைஃபுளூரிடின்-டிபிராசில் 5.3-லிருந்து 7.1 ஆக்கியது. இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்கு முன்னும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் இறந்தனர் என்பதே. எந்த ஒரு நோயாளிக்கும் அது வாக்குறுதியாகாது. சிலர் ஓராண்டும் கடப்பர். பலருக்கு ஒரு நாளும் கூடாது. குடும்பத்தாரோ, ‘மருந்து இருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டதும் நிலத்தை விற்கத் துணிகின்றனர். விற்காவிட்டால் பெற்றவரைக் கைவிட்டதாக ஊர் பேசும் என்ற அச்சமும் அதில் கலந்துள்ளது. ஒன்றரை மாதம் என்ற எண்ணை மருத்துவர் சொல்லாமல் விட்டால், அந்த விற்பனை அறியாமையில் நடந்ததாகும்.

அந்நிலையில் நோயாளிக்கு உறுதியாகப் பயன்படும் மருந்தொன்று மார்ஃபின். அது மலிவானது; அதன் மூலப்பொருளான அபினி நம் நாட்டிலேயே அரசு உரிமத்தின்கீழ் விளைகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலையவேண்டியிருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை ஒருமுகப்படுத்தப்பட்டது. ஆயினும் மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் அதனை இருப்பில் வைக்க இன்னும் தயங்குகின்றனர். கணக்குப் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் வழக்கு வருமோ என்பது மருந்தாளுநரின் பயம். அப்பயத்தைப் போக்கும் ஒரு சுற்றறிக்கையும், மாதமொருமுறை இருப்பைக் கேட்கும் ஒரு கேள்வியும் மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்துக்கு உட்பட்டவையே. அவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.