காட்டுப்பள்ளி முதல் ஹைஃபா வரை: யாரை எதிர்க்கிறோம்?

(பழவேற்காட்டில் மீனவ இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 2023 ஜனவரியில் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தையும் அதே குழுமம் ஒரு இஸ்ரேலிய நிறுவனத்தோடு சேர்ந்து வாங்கியது. துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நிற்கும் இந்தக் குப்பங்களில் காஸாவைப் பற்றிப் பேச்சு வருவதில் வியப்பில்லை. கரையை இழப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் வேறு சிலவும் ஓடுகின்றன. உலகத்தையே ஆட்டிவைப்பவன் யூதன்தானாம். ஹிட்லர் சும்மா செய்யவில்லையாம். இவற்றைப் பகிர்பவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள்.

நாஜிகள் யூதர்களைத் துரத்தியது இந்துஸ்தானத்துக்கு நல்ல பாடம் என்று சொன்ன நூல், 1939இல் கோல்வால்கர் பெயரில் வந்தது. நாஜிகளின் யூத வெறுப்பும் சனாதனத்தின் தீண்டாமையும் ஒரே சரக்கு என்று 1940களில் உலகத்துக்குச் சொன்னவர் அம்பேத்கர். ஹிட்லர் மீம் போடுகிற தோழர் இந்த இருவரில் யார் பக்கம் நிற்கிறார்?

யூதர்கள் எல்லோரும் ஒன்று என்பதும் பொய். கொச்சியில் பரதேசி யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களைத் தங்கள் ஜெப ஆலயத்தில் சமமாக நடத்தவில்லை. அந்த ஒடுக்கப்பட்ட பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அதை எதிர்த்துச் சத்தியாகிரக வழியில் போராடினார். சாதி அங்கேயும் நுழைந்தது. அதை எதிர்த்தவரும் யூதர்தான்.

அப்படியானால் எதை எதிர்க்கலாம், எதை எதிர்க்கக் கூடாது? 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் இரண்டு எதிரிகள் என்றார். சமத்துவத்தை மறுக்கிற மனப்போக்கைத்தான் பார்ப்பனியம் என்கிறேன், அது எந்தச் சாதியிலும் இருக்கும் என்றும் விளக்கினார். கொள்கையை, அரசை, அதிகாரத்தை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். பிறப்பைக் குற்றமாக்கக் கூடாது.

நம் ஏரிக்கே வருவோம். பாடு முறை பட்டினவர் ஊர்களின் உரிமையாக வளர்ந்தது. தலித் மீனவர்களும் இருளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இந்த ஏற்பாடு அநீதி என்று ஒரு தலித் தோழர் பேசினால், அது பட்டினவர் மீதான வெறுப்பு ஆகாது. ஊரை இழிவுபடுத்துகிறான் என்று அவர் வாயை அடைக்க எந்த ஊர்க் கூட்டத்துக்கும் உரிமை கிடையாது. அவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதேபோல, பட்டினவர் புத்தியே இப்படித்தான் என்று யாராவது சொன்னால், அவர் அநீதியை விட்டுவிட்டுப் பிறப்பைப் பிடித்துக்கொண்டார் என்று பொருள்.

இந்த வேறுபாட்டை அழிக்கப் பார்ப்பவர்கள் மேலேயும் இருக்கிறார்கள். யூத வெறுப்புக்குச் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஒரு வரையறையை ஏற்றது. அதிலுள்ள 11 எடுத்துக்காட்டுகளில் 7 இஸ்ரேலைப் பற்றியவை. அதன் வரைவில் முதன்மைப் பங்காற்றிய கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை ஒடுக்க அதைப் பயன்படுத்துவதை எதிர்க்கிறார். கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா வந்தபோது, அது இந்துக்களைக் குறிவைக்கிறது என்று கூச்சல் எழுந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய அந்த மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். இஸ்ரேல் அரசை விமர்சித்தால் யூத விரோதி, சாதியை விமர்சித்தால் இந்து விரோதி. இரண்டும் ஒரே தந்திரம்.

இந்தத் தந்திரத்துக்கு நம் கையாலேயே ஆதாரம் எடுத்துக் கொடுக்கலாமா? ஒரு ஹிட்லர் மீம் போதும், காஸாவுக்காக எழும் நூறு நேர்மையான குரல்களை வெறுப்புப் பேச்சு என்று முத்திரை குத்த. அதைவிட முக்கியம், அந்த மீம் தன்னளவிலேயே தவறு. யாரும் நம்மைக் கவனிக்காவிட்டாலும் தவறுதான்.

ஆகவே பேசுங்கள். அதானியைப் பற்றி, இஸ்ரேல் அரசைப் பற்றி, பாடு முறையைப் பற்றிப் பயமில்லாமல் பேசுங்கள். பகிர்வதற்கு முன்னால் மட்டும், அந்த வாக்கியத்தில் யூதன் என்று இருக்கும் இடத்தில் உங்கள் சாதிப் பெயரைப் போட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். நெஞ்சு சுட்டால், அழித்துவிடுங்கள்.