ஒரே மாசத்துல ரெண்டு ஓட்டு

நம்ம அரசாங்கம் எப்படி நடக்குதுன்னு பேசச் சொன்னாங்க. நம்ம சூலூர்ல நடந்ததையே வெச்சுச் சொல்றேன்.

2019 ஞாபகம் இருக்குங்களா? ஏப்ரல் 18ந் தேதி எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். மே 19ந் தேதி மறுபடியும் வரிசையில நின்னோம். சூலூர் எம்.எல்.ஏ. கனகராஜ் அவர்கள் மார்ச் 21ல் காலமாயிட்டார். காலியான இடத்துக்குப் பொதுவா ஆறு மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் நடத்தணும்னு சட்டம் இருக்குது.

"முதலமைச்சருக்குத்தான் 2016லயே ஓட்டுப் போட்டாச்சே"ன்னு எங்க குழுவுல ஒரு அக்கா சொன்னாங்க. அங்கதானுங்க விஷயம். முதலமைச்சருக்கு நாம யாரும் ஓட்டுப் போட்டதே இல்லை. நம்ம கூட்டமைப்பையே பாருங்க. குழுவுல நாம பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கறோம்; பிரதிநிதிங்க சேர்ந்து கூட்டமைப்பு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கறாங்க. அதே மாதிரி நாம எம்.எல்.ஏ.வை அனுப்பறோம். சபையில யாருக்குப் பெரும்பான்மை இருக்குதோ அவரை ஆளுநர் முதலமைச்சரா நியமிக்கறார். மந்திரிங்க எல்லாரும் சேர்ந்து சட்டமன்றத்துக்குப் பொறுப்புன்னு அரசியலமைப்பின் 164வது பிரிவு சொல்லுது. சபையில ஆதரவு போனா ஆட்சியும் போகும். டெல்லியிலயும் இதே கணக்குத்தான். 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் அரசு 269க்கு 270ன்னு ஒரே ஓட்டுல கவுந்துச்சே!

இப்ப சூலூருக்கு வாங்க. சட்டமன்றத்துல மொத்தம் 234 இடம். முழுச் சபையில பெரும்பான்மைக்கு 118 வேணும். 2019ல 22 இடம் காலி. பெரும்பாலானது, 2017 செப்டம்பர்ல சபாநாயகர் தகுதி நீக்கம் செஞ்ச 18 எம்.எல்.ஏ.க்களோட இடம். ஆளுங்கட்சி கையில அப்ப 118 இல்லை. ஏப்ரல்ல 18 தொகுதி, மே மாசம் நம்மளோட சேர்த்து 4 தொகுதி. மே 23ல் எண்ணினப்ப தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. அந்த ஒன்பதுல சூலூரும் ஒண்ணு. ஆட்சி நிலைச்சுது. அன்னைக்கு வெயில்ல நின்ன நாமளும் அந்தக் கணக்குல ஒரு பங்குதானுங்க, எந்தக் கட்சிக்குப் போட்டிருந்தாலும் சரி.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாதது. குடியரசுத் தலைவர் தேர்தல்ல எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடறாங்க. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வெச்சுப் போட்ட கணக்கு அது. ராஜா வீட்டுப் பிள்ளை ராஜாங்கற பேச்சு இந்த நாட்டுல இல்லை. நாட்டோட தலைமைக்கும் நம்ம தொகுதியில இருந்து ஒரு சீட்டு போகுது.

ஆனா ஒரு சிக்கல் இருக்குது. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால, சபையில ஓட்டெடுப்புன்னா கொறடா சொல்றபடிதான் போடணும். மீறினா பதவி போகலாம். ஆட்சியைக் காசு கொடுத்துக் கவுக்காம இருக்க அது வேணுந்தான். அதுக்காக எம்.எல்.ஏ. வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகறது எனக்குப் பிடிக்கலை. இருந்தாலும் கேள்வி நேரத்துல தொகுதிக்காகக் கேள்வி கேக்கறதுக்கு அந்தச் சட்டம் குறுக்க வராது. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு நம்ம வாசலுக்கு வர்றப்ப, "சூலூருக்காகச் சபையில என்ன கேட்டீங்க?"ன்னு விசாரிங்க. எங்க குழுவுல அதைத் தீர்மான நோட்டுலயே எழுதி வெச்சுட்டோம்.