வலியதா, தக்கதா?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிளைகளின் தமிழ்த் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

மொழிபெயர்ப்பாளனாகிய நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நூலைத் தமிழாக்கம் செய்தபோது, டார்வின் கோட்பாட்டை ‘வலியது வாழும்’ என்று சுருக்கி எழுதிவிட்டேன். அதைப் படித்த தோழர் ஒருவர், “அப்படியானால் முதலாளி வாழ்வதும் தொழிலாளி வீழ்வதும் இயற்கையின் நியதியா?” என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

அந்தச் சொற்றொடரை 1864இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் டார்வின் அதை எடுத்தாண்டார். சூழலுக்குத் தக்கது பிழைத்துச் சந்ததி பெருக்கும் என்பதே அவர் கொண்ட பொருள். சூழல் மாறினால் தகுதியும் மாறும்.

இதற்குச் சான்று நமது மலைகளிலேயே உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவ ரத்த அணுக்களைக் கண்டறிந்தனர். இதற்குக் காரணமான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய ரத்தசோகை உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். இதை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954இல் எடுத்துரைத்தவர் அந்தோணி ஆலிசன். மலேரியா பரவிய நிலங்களில் அந்த மரபணு நிலைபெற்றது. வயநாட்டில் பணியரிடமும் அது உண்டு. வயநாடன் செட்டிகளிடமும் உண்டு. கொசு சாதி கேட்டுக் கடிப்பதில்லை.

மலேரியா ஒடுங்கிய பின் அதே மரபணு வெறும் சுமையாயிற்று. நேற்றுக் காத்தது இன்று வதைக்கிறது. இதில் வலியது எது, மெலியது எது?

ஆனால் மானுடவியலின் பெயராலேயே மனிதரைத் தரம் பிரித்தவர்களும் உண்டு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதியின் உயர்வு தாழ்வை அளக்கலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலுடன் மனித மூக்குகளை அளந்தார். இன்று அதை யாரும் அறிவியலாகக் கொள்வதில்லை. ஆயினும், “அது அவர்கள் ரத்தத்திலேயே உள்ளது” என்ற பேச்சு நமது தேநீர்க் கடைகளில் ஓயவில்லை. நம் தோழர்கள் வாயிலும் சில வேளை வருகிறது.

அப்படிப் பேசுவோரிடம் நம் மண்ணின் வரலாற்றை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். சாதி வேறுபாடு இயற்கையானது என்றால், அதைக் காக்கத் தடையும் தடியும் எதற்கு? நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை ஏன் போராட நேர்ந்தது? அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கு ஏன் தீ வைத்தார்கள்? புலிக்கும் மானுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காக்க எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. மனிதர் வகுத்ததைக் காக்கவே வன்முறை தேவைப்பட்டது.

மனிதன் மனிதனானதில் உழைப்புக்கு உள்ள பங்கை எங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். திருவள்ளூருக்கு அருகில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். கருவி செய்யும் கையும், கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் கூட்டு வாழ்வுமே நம்மை நிலைக்கச் செய்தன. அரிவாள் அணு நோயுற்ற குழந்தையை இயற்கை கைவிடலாம். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையும் தந்து அதைக் காப்பது சமூகத்தின் கடமை. அந்தத் தோழருக்கு நான் தர வேண்டிய விடை இதுவே.

2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு அதை எதிர்த்தனர். பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியல் படிக்காத பிள்ளைக்கு இனி டார்வின் பெயர்கூடத் தெரியாமற் போகலாம். பிறப்பால் எவரும் உயர்ந்தவரல்லர் என்பதற்கு அந்தப் பிள்ளை கையில் இருக்கக்கூடிய ஒரு சான்று பறிபோகிறது.

எனவே தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு மாலையேனும் அந்தப் பாடத்தைத் தமிழில் நடத்த வேண்டும். ‘வலியது’ என்று நான் எழுதிய இடத்தில் ‘தக்கது’ என்று திருத்திக்கொண்டு தொடங்குங்கள்.