மதிப்பெண்ணை எதனோடு ஒப்பிடுவது?



முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று நம் பெரியோர் வழங்கிய படிப்புதவித் தொகையைப் பற்றியும், அதற்கென நடைபெறும் தேர்வுகளில் நம் பிள்ளைகள் பெறும் மதிப்பெண்ணைப் பற்றியும் இன்று சிறிது பேச விரும்புகிறேன். தேர்வை எழுதுபவர் மாணவர் ஒருவரே. ஆயினும் அவருடைய மதிப்பெண்ணை எடைபோட்டுப் பார்ப்பவர்கள் தந்தை, தாய், அண்டை வீட்டார், ஊரிலுள்ள உறவினர் எனப் பலராவர். இவ்வாறு ஒப்பிடுவது சில வேளைகளில் பிள்ளைக்கு ஊக்கம் தருகிறது. பல வேளைகளில் அதன் ஊக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. எதனை எதனோடு ஒப்பிடவேண்டும் என்ற தெளிவு இல்லாமையே இதற்குக் காரணம்.

திறமை மிக்க மாணவரைத் தேர்வின் வழியே கண்டறிந்து உதவும் முயற்சி நம் நாட்டில் சிறிய அளவிலேயே தொடங்கியது. 1963ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தில்லியில் மட்டும் அறிவியல் திறன் தேர்வொன்றை நடத்தி, 10 பேருக்கு உதவித் தொகை அளித்தது. அடுத்த ஆண்டே அத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. தொகை பெறுவோர் எண்ணிக்கை 350 ஆயிற்று. பின்னர்த் தேசியத் திறனறித் தேர்வு என்ற பெயருடன் பல்லாண்டுக் காலம் நடைபெற்ற அத்தேர்வு, 2021க்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. அது மாணவரின் திறமை ஒன்றையே நோக்கியது. திறமையோடு குடும்பத்தின் வருவாயையும் சேர்த்து நோக்குமாறு 2008ஆம் ஆண்டில் மற்றொரு திட்டம் ஏற்பட்டது. அதுவே தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித் தொகைத் திட்டம்.

இத்திட்டத்தின் நோக்கம் பெரிது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்விக்கு வழி செய்தது. எட்டாம் வகுப்போடு அந்தக் காப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேதான். அதைத் தடுப்பதற்காகவே எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்து, நாடு முழுவதும் ஆண்டுதோறும் 1,00,000 மாணவரைப் புதிதாகத் தேர்ந்து, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவ இத்திட்டம் வகுக்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தால் 48,000 ரூபாய். கூலி வேலை செய்து வாழும் ஒரு குடும்பத்திற்கு, பெண்ணையோ பையனையோ பள்ளியில் நிறுத்தி வைக்க இது போதிய காரணமாகும்.

பெற்றோர் ஆண்டு வருவாய் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். பிள்ளை அரசுப் பள்ளியிலோ, உள்ளாட்சிப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ பயில வேண்டும் என்பன விதிகள். கேந்திரிய வித்யாலயம், நவோதயப் பள்ளி, தனியார் பள்ளி ஆகியவற்றில் பயில்வோர் இதற்கு உரியர் அல்லர். தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று மனத்திறன் தேர்வு. மற்றொன்று படிப்பறிவுத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள்; ஒவ்வொன்றிற்கும் 90 நிமிடங்கள். எண் தொடர், ஒப்புமை, இனம் பிரித்தல், உருவத்துள் மறைந்த உருவம் முதலியன முதல் தாளில் வரும். பாடநூல்களில் கற்ற அறிவியலும் சமூக இயலும் கணிதமும் இரண்டாம் தாளில் வரும்.

இனி ஒப்பிடும் முறைக்கு வருவோம். மும்பைத் தாராவியில் வாழும் ஒரு குடும்பத்திற்குத் திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் செய்தி வருகிறது: பெரியப்பா மகன் 120 மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று. இங்கே பிள்ளை மாதிரித் தேர்வில் 100 வாங்கியிருக்கிறது. உடனே வீட்டில் வருத்தம் சூழ்கிறது. இந்த வருத்தத்திற்குச் சிறிதும் ஆதாரம் இல்லை. திட்டம் ஒன்றே ஆயினும், தேர்வை நடத்துவது அந்தந்த மாநிலம். வினாத்தாள் வேறு, அதன் கடுமை வேறு, எழுதுவோர் தொகை வேறு, ஒதுக்கப்பட்ட இடங்களும் வேறு. தமிழ்நாட்டிற்கு 6,695 இடங்களும், மகாராஷ்டிரத்திற்கு 11,682 இடங்களும், கர்நாடகத்திற்கு 5,534 இடங்களும் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு மாநிலத்தில் வெற்றி தரும் எண் மற்றொரு மாநிலத்தில் தோல்வியாகலாம். இங்கே போதாத எண் அங்கே போதியதாகலாம். பிள்ளை எந்த மாநிலத்துப் பள்ளியில் பயில்கிறதோ, அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் அதற்கு இடம்.

தகுதி மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. இரண்டு தாள்களும் சேர்ந்து நூற்றுக்கு 40, அதாவது 180க்கு 72 பெறவேண்டும் என்பது பொது விதி. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் நூற்றுக்கு 32. இந்த எண் வாயிற்படி மட்டுமே. அதைத் தாண்டியவர்களுள் உயர்ந்த மதிப்பெண் உடையோர்க்கே, ஒதுக்கீட்டு முறைப்படி, இடங்கள் சேரும். ஆகவே 75 வாங்கிய பிள்ளையைப் பார்த்து, "இனிக் கவலை இல்லை" என்று கூறுதல் பொருந்தாது.

ஒரே பள்ளியில் பயில்வோரைத்தானே ஒப்பிடுகிறோம் என்று சிலர் கூறலாம். இரு மாணவியர் ஒரே மாதிரித் தாளில் 104 மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோம். ஒருத்திக்கு மனத்திறனில் 68, படிப்பறிவில் 36. மற்றவளுக்கு மனத்திறனில் 40, படிப்பறிவில் 64. கூட்டுத்தொகை ஒன்றாயினும் இருவர்க்கும் வேண்டிய மருந்து ஒன்றன்று. முதலாமவள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடநூல்களை முறையாக மீண்டும் கற்கவேண்டும். இரண்டாமவளுக்குப் பாடம் வந்துவிட்டது; நாள்தோறும் அரைமணி நேரம் தொடரும் உருவமும் பழகினால் போதும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்த பெற்றோர் இருவரையும் ஒரே பயிற்சிக்கு அனுப்பிக் காலத்தையும் பணத்தையும் வீணாக்குவர்.

ஆகவே ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிடத் தக்கது அப்பிள்ளையின் முந்திய மதிப்பெண்ணே; அதுவும் பகுதி பகுதியாக. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் இத்தேர்வில், ஒன்றும் அறியாமல் 20 வினாக்களுக்குக் குறித்தாலும் சராசரியாக 5 விடைகள் சரியாக அமைந்துவிடும். ஒருநாள் 3 அமையலாம். மற்றொரு நாள் 8 அமையலாம். எனவே சென்ற வாரம் 98, இந்த வாரம் 102 என்றால், பிள்ளை முன்னேறிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 98 ஆகக் குறைந்தால் பின்வாங்கிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. மூன்று தாள்களின் சராசரியை, அடுத்த மூன்று தாள்களின் சராசரியோடு ஒப்பிடுவதே ஓரளவு உண்மையைக் காட்டும். அவை அந்தந்த மாநிலத்தின் முந்திய ஆண்டு வினாத்தாள்களாக இருப்பது மிகவும் நல்லது.

மதிப்பெண் உயர வழி தவறிய விடைகளில்தான் இருக்கிறது. தாளை எழுதி முடித்தபின், தவறுகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பொருளே தெரியாமல் தவறியவை ஒரு வகை. தெரிந்திருந்தும் வினாவைச் சரியாகப் படியாமையால் தவறியவை மற்றொரு வகை. நேரம் போதாமல் விட்டவை மூன்றாம் வகை. முதல் வகைக்கு மருந்து பாடநூல். இரண்டாம் வகைக்கு மருந்து, வினாவிலுள்ள "அல்லாதது", "தவறானது" போன்ற சொற்களின் கீழ்க் கோடிட்டுப் படிக்கும் பழக்கம். மூன்றாம் வகைக்கு மருந்து, வினா ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை மனத்தில் கொண்டு, சிக்கலானதை விட்டு முன்சென்று மீண்டும் திரும்பி வருதல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலால் தேர்வு நாளில் ஒரு வினாவையும் வெறுமையாக விடலாகாது. பயிற்சியின்போது மட்டும், ஊகித்துக் குறித்த விடையின் அருகே ஒரு புள்ளி வைக்கட்டும். அப்புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தால் அறிவு வளர்கிறது என்று நம்பலாம்.

வெளிமாநிலத் தமிழர் கருதத்தக்க செய்திகள் வேறு சில உள. எல்லா மாநிலங்களும் எல்லா மொழிகளிலும் வினாத்தாள் அச்சிடுவதில்லை. தமிழ்வழி பயிலும் பிள்ளை எந்த மொழித் தாளை எழுத நேரும் என்பதை முன்னதாகவே தலைமையாசிரியரிடம் கேட்டு, அம்மொழியில் அறிவியல், கணிதச் சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும். வருவாய்ச் சான்றைக் கடைசி வாரத்தில் தேடுதல் தகாது. பிறந்த மாநிலத்தில் பெற்ற சாதிச் சான்று குடியேறிய மாநிலத்திலும் அதே பயனைத் தரும் என்று எண்ணியிருத்தலும் கூடாது. தொகை மாணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே நேராக வருவதால், பெயரும் எழுத்தும் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகை தொடர்ந்து கிடைக்கவும் விதி உண்டு: பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 60 பெறவேண்டும்; பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 55 போதும்.

இவ்வளவும் செய்த பின்னரும் எல்லார்க்கும் இடம் கிடைக்கப் போவதில்லை. இடங்கள் எண்ணப்பட்டவை, எழுதுவோர் மிகப் பலர். முடிவு வெளியாகும் நாளில் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளையிடம், "உனக்குப் படிப்பு வராது" என்று ஒருவரும் சொல்லாதிருப்பீர்களாக. அப்பட்டியல் அவ்வாண்டில், அம்மாநிலத்தில், மூன்று மணி நேரத்தில் நிகழ்ந்ததை மட்டுமே கூறுகிறது. தேர்வுக்கென்று அப்பிள்ளை கற்ற கணக்கும் அறிவியலும் பத்தாம் வகுப்பில் அப்படியே பயன்படும். உதவித் தொகை கிடைத்த பிள்ளையைப் போலவே, கிடைக்காத பிள்ளையும் ஜூன் மாதத்திலோ, அந்தந்த மாநிலத்தில் பள்ளி திறக்கும் மாதத்திலோ, ஒன்பதாம் வகுப்பில் போய் அமரவேண்டும். அதற்கு ஆவன செய்வது நம் கடமை.