மாதிரி ரயில்களும் மறைந்துபோகும் வண்ணங்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாதிரி ரயில். "பிள்ளைகள் உருட்டும் பொம்மைக்கு ஒரு சொற்பொழிவா?" என்று அன்பர் சிலர் புன்னகை புரியக்கூடும். சிறு வண்டி தமிழர்க்குப் புதிதன்று. புகார் நகரத்துச் சிறுவர் மூன்று கால்களையுடைய தேர் உருட்டி விளையாடிய செய்தி பட்டினப்பாலையில் வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்துக்குப் பெயரே சிறுதேர்ப் பருவம். நவராத்திரி வந்தால் கொலுப்படிகளின் அருகே மணல் பரப்பி, பயிர் முளைக்கவிட்டு, குளம் அமைத்து, நடுவே ஒரு ரயிலையும் நிறுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு.

ஆயினும் பொம்மை வேறு, மாதிரி வேறு. பொம்மை ரயிலைப் போலிருந்தால் போதும். மாதிரியோ இன்ன ரயில்வேயின் இன்ன வண்டி, இன்ன ஆண்டில் இருந்தவாறு, என்று சொல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது கணக்கு.

உலகில் பெரிதும் வழங்கும் எச்.ஓ. அளவில் அசலின் 87 அடி மாதிரியில் ஓர் அடியாகும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளமுடையது. மாதிரியில் அது 245 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மிகுதி. நம் அகலப் பாதையின் இடைவெளி ஐந்தரை அடி. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் தண்டவாளங்களுக்குக் குறுக்கே படுத்தால் சரியாக அடங்குவார். அவரும் பாதையும் அந்த அளவில் 19 மில்லிமீட்டரே. ஆனால் கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் மேனாட்டுப் பாதைக்கென அமைந்த 16.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. ஆகவே அதன்மேல் நிறுத்திய நம் நாட்டு வண்டி, கால் ஒடுங்கிய யானையைப் போல் காட்சி தரும்.

இதே இடர்ப்பாட்டை நெடுங்காலமாகச் சந்தித்து வருபவர்கள் அயர்லாந்து நாட்டார். 1834-இல் அங்கே திறக்கப்பட்ட முதற் பாதை 4 அடி 8½ அங்குலம். பெல்ஃபாஸ்டிலிருந்து புறப்பட்ட பாதை 6 அடி 2 அங்குலம். டப்ளினிலிருந்து வடக்கே சென்றது 5 அடி 2 அங்குலம். மூன்றும் சந்தித்தால் வண்டிகள் எப்படிச் செல்லும்? இறுதியில் 5 அடி 3 அங்குலமே நாட்டுக்குப் பொது அளவு என்று 1846-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியது. அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்னும் கணக்கில் ஐரிஷ் பாதை 21 மில்லிமீட்டர் வரவேண்டும். அங்குள்ள அன்பர் பலர் 16.5 மில்லிமீட்டரோடு அமைதி கொள்கின்றனர். சிலரோ 21 மில்லிமீட்டர்ப் பாதையைக் கட்டை கட்டையாகத் தாமே அமைக்கின்றனர்.

அந்நாட்டு மாதிரிக்கலையில் முதலில் சொல்லத்தக்க பெயர் சிரில் ஃபிரை என்பது. அவர் டப்ளின் நகரத்து இஞ்சிகோர் ரயில்வே தொழிற்சாலையில் வரைபடத் தொழில் செய்தவர். பகலில் பெரிய எஞ்சின்களின் படங்களோடு பழகியவர், ஓய்வு நேரத்தில் ஐரிஷ் வண்டிகளைச் சிறு உருவில் தம் கையாலேயே செய்து சேர்த்தார். 1972-இல் அவர் மறைந்த பின்னரும் அத்தொகுப்பு சிதறவில்லை. 1988 முதல் மலாஹைட் கோட்டையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிற்காலத்தில் மலாஹைட்டிலேயே அதற்கெனத் தனிக் காட்சிச்சாலை அமைந்தது. அசல் வண்டிகள் பல பழைய இரும்பாய்ப் போய்விட்ட பின்னும் ஃபிரையின் வண்டிகள் நிற்கின்றன.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு அந்நாட்டுச் செய்தி மற்றொன்றும் நெஞ்சைத் தொடும். கிரேட் நார்தர்ன் ரயில்வே என்னும் நிறுவனம் டப்ளினையும் பெல்ஃபாஸ்டையும் இணைத்தது. 1921-இல் நாடு பிரிந்தபோது அதன் பாதை இரண்டு ஆட்சிகளிலும் கிடந்தது. ஆயினும் வண்டி எல்லையைக் கடந்து ஓடிக்கொண்டே இருந்தது. 1947-இல் 'என்டர்பிரைஸ்' என்னும் விரைவு வண்டியும் தொடங்கிற்று. அந்த ரயில்வேயின் விரைவு எஞ்சின்கள் வான்நீல நிறமும், சக்கரங்களை ஒட்டிய சட்டத்தில் செந்நிறமும் பூண்டு எழில் பெற்று விளங்கின. 1958-இல் அந்நிறுவனம் இரு ஆட்சிகளுக்கும் பங்கிடப்பட்டது. எஞ்சின்களும் பெட்டிகளும் சொத்துப் பாகப் பிரிவினைபோல் இரு புறமும் சென்றன. நீல எஞ்சின்களுள் ஒருசில மட்டும் அருங்காட்சிப் பொருளாய் எஞ்சின. ஏனையவற்றின் நீலம் இன்று மாதிரிகளின் மேல்தான் வாழ்கிறது.

அந்த நீலம் எந்த நீலம்? இங்கேதான் வண்ணம் பூசுவோரின் பெருஞ்சிக்கல் தொடங்குகிறது. பழைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. அவை வடிவத்தைச் சொல்லும், எண்ணைச் சொல்லும், நிறத்தைச் சொல்லமாட்டா. பிற்கால வண்ணப்படங்களோ நாட்பட வெளிறிப்போகும். வண்ணக் கலவையின் பெயர் ஏட்டில் இருப்பினும் வெயிலிலும் புகையிலும் அது எவ்வாறு மாறியது என்பதை ஏடு கூறாது. எஞ்சினைத் துடைத்தவர், ஓட்டியவர், நாள்தோறும் நடைமேடையில் நின்று பார்த்தவர் ஆகியோரின் கண்ணே அதற்குச் சான்று. அச்சான்று எழுதிவைக்கப்படாவிடில் அவர்களோடு மறையும்.

அயர்லாந்தின் முதல் பெருந்தொகுதி டீசல் எஞ்சின்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1955-இல் வரத்தொடங்கிய 'ஏ' வகை எஞ்சின்கள் மொத்தம் 60. அவை வந்தபோது பூண்டிருந்தது வெள்ளி நிறம். ஷெட் வாழ்க்கையின் எண்ணெயும் கரியும் அவ்வெள்ளி நிறத்தை விரைவில் கெடுத்தன. பிறகு பச்சை, பிறகு கறுப்பு, அதன்பின் கறுப்போடு காவி கலந்த நிறம் என மாறிக்கொண்டே வந்தது. ஆகவே "ஏ வகை எஞ்சின் என்ன நிறம்?" என்று வினவினால் "எந்த ஆண்டில்?" என்று திருப்பிக் கேட்பதே அறிந்தவர் விடை.

இனி மாதிரிக்கு வண்ணம் பூசும் முறையைச் சுருங்கச் சொல்வோம். மாணவர்கள் கருத்தில் கொள்க. முதலில் மாதிரியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தல் வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை இருந்தால் வண்ணம் பற்றாது. வார்ப்போடு தடித்து வந்த கைப்பிடிகளைச் சீவிவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியைப் பொருத்துவர். அசலில் 32 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி எச்.ஓ. அளவில் 0.37 மில்லிமீட்டராகும். அடுத்தது அடிப்பூச்சு. அதன்பின் வெளிர்நிறம் முன்னும் அடர்நிறம் பின்னுமாகப் பூசுவர். இரு நிறம் சந்திக்கும் கோட்டில் ஒட்டுத்தாள் பதித்தால் கோடு நேராக வரும். பூச்சு மிக மெல்லியதாய் இருத்தல் இன்றியமையாதது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தால், அசலின் கணக்கில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். சுவருக்குச் சாந்து பூசியது போலாகிவிடும்.

தூய கறுப்பும் தூய வெள்ளையும் பெரும்பாலும் ஆகா. எட்ட நின்று பார்க்கும் எப்பொருளின் நிறமும் சற்று வெளிறித் தோன்றுமாதலின், மாதிரியின் கறுப்பு கரும்பழுப்பாகவோ அடர்சாம்பலாகவோ இருந்தால்தான் கண் ஏற்கும். பிறகு பளபளப்பு மெருகு பூசி, அதன்மேல் நீரில் நனைத்து எடுக்கும் எழுத்துத் தாள்களை ஒட்டி, மேலே மங்கல் மெருகு பூசினால் எழுத்து வண்டியோடு ஒன்றிவிடும்.

எழுத்து என்றவுடன் நம் அலுவலக நாற்காலி நம்மைப் பேசத் தூண்டுகிறது. கூட்ஸ் வண்டி நிலையத்தைக் கடக்கும்போது வேகனின் பக்கத்தில் 11 இலக்கங்கள் தெரியும். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு அதற்குரிய ரயில்வே. தென்னக ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு அது செய்யப்பட்ட ஆண்டு. பின்வரும் நான்கு அதன் தனி எண். இறுதி இலக்கம், முன்னவை சரியாக எழுதப்பட்டனவா என்று சோதிக்க உதவுவது. இதை அறியாது மனம்போன எண்ணை எழுதினால் மாதிரி பொய் சொன்னதாகும். அறிந்து எழுதினால் விரல் நீளமுள்ள வேகனும் தன் பிறப்பையும் உரிமையையும் கூறும்.

இனி அழுக்கு. புது வண்ணத்தை அழுக்காக்குவதா என்று தாய்மார்கள் வியப்பீர்கள். அழுக்குத்தான் வண்டியின் உழைப்பைச் சொல்கிறது. பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் அடிப்புறமெங்கும் செம்பழுப்பாய்ப் படியும். சிமெண்டு ஏற்றும் வேகனில் மேல்வாயிலிருந்து வெண்சாம்பல் கோடுகள் வழியும். அயர்லாந்தின் உருண்டைச் சிமெண்டு வேகன்களுக்கு எந்த நிறம் பூசினும் சில மாதங்களில் அவற்றின் நிறம் சிமெண்டு நிறமே என்பர். நீர்த்த வண்ணத்தைப் பூசி, மழைநீர் வழியும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் துடைப்பது இதற்கான முறை. நம் தடா வட்டாரத்துக்கு மற்றொன்று உண்டு. பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று இரும்பின்மேல் ஏற்படுத்தும் துரு, உள்நாட்டுத் துருவினும் வேகமாகப் பரவும். அதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

இந்தியாவிலும் இக்கலைக்கு இடம் உண்டு. புனே நகரில் ஜோஷி என்பார் நிறுவிய சிற்றுருவ ரயில் காட்சிச்சாலை 1998 முதல் புகழ்பெற்று விளங்குகிறது. புதுதில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-இல் தோன்றியது. சென்னையில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த ரயில் அருங்காட்சியகம் 2002-இல் திறக்கப்பட்டது. நம் சிறுவர் ஒரு விடுமுறை நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவு அது. ஆயினும் அருங்காட்சியகம் எத்தனை வண்டிகளை நிறுத்த முடியும்? இடம் பெற்றது ஒன்று. இடம் பெறாதவை நூறு.

நம் வண்ணங்களும் அயர்லாந்தின் வண்ணங்களைப் போலவே விரைந்து மாறுகின்றன. கருஞ்சிவப்புப் பெட்டிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு 1990-களில் நீலப் பெட்டிகள் வந்தன. பின்னர்ப் புதுவகைப் பெட்டிகள் வேறு வண்ணத்தோடு வந்தன. 2019-இல் வெள்ளையும் நீலமுமாய்ப் புறப்பட்ட வந்தே பாரத், 2023-இல் காவியும் சாம்பலுமாகவும் தோன்றிற்று. டபிள்யூ.பி. எஞ்சினின் கூம்பிய மூக்கில் ஒளிவிட்ட வெள்ளி விண்மீனை நம் பிள்ளைகள் ஓடும் வண்டியில் கண்டதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் பாதை மின்வண்டி 2004-இல் நின்றது. அதன் பெட்டி என்ன நிறம் என்று பெரியோர் மூவரைக் கேளுங்கள். மூன்று விடை வந்தால் வியப்பில்லை. மூன்றும் மெய்யாக இருக்கலாம். ஆண்டுகள் வேறாக இருக்கலாம்.

ஆதலின் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தடா ஆந்திர மாநிலத்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தது. இப்பாதையோ தென்னக ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தது. மொழியாலும் தொழிலாலும் இரு புறமும் உறவுடையவர் நாம். வரும் நவராத்திரிக்கு நம் நிலையத்தைக் கணக்குத் தவறாத ஒரு மாதிரியாகச் செய்து கொலுவில் வைப்போம். அதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டா. அட்டை, மூங்கில் குச்சி, பித்தளைக் கம்பி, சிறு தூரிகை இவை போதும். பாதுகாப்புக் கருதி, பாதையருகே யாரும் அளவெடுக்கச் செல்லலாகாது. நடைமேடையில் நின்று பார்த்துக் குறித்தலே போதுமானது.

தூரிகை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே இருக்கின்றனர். எஞ்சினில் கரி அள்ளியவர், கைகாட்டி இழுத்தவர், பெட்டிக்கு வண்ணம் அடித்தவர் எனப் பலதிறத்தார். தாத்தா, மாமா, பெரியப்பா என்று நாம் அழைக்கும் அவர்களிடம் சென்று, எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்த நிறம், எங்கே கரி படியும், எங்கே எண்ணெய் வழியும் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளை கேட்டால் சொல்லாத பெரியவர் இல்லை. கேட்கப் பிள்ளை இல்லாமையால் சொல்லப்படாது போன செய்திகள்தாம் பல.

தாத்தா ஓட்டிய வண்டியின் நிறத்தைப் பேரன் சரியாகப் பூசினான் என்றால், அதுவே இம்முயற்சிக்குப் பரிசாகும். அப்பணிக்குச் சங்கம் ஆதரவு நல்குமாறு வேண்டி அமைகிறோம்.