சந்திர திசையும் மணிக்கூடும்

சாதகக் குறிப்பைச் சாத்திரியார் கையிற் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்திருக்கும் பெற்றார் முதலிற் கேட்கும் வினா, "இப்போது என்ன திசை நடக்கிறது?" என்பதே. "சந்திர திசை" என்ற விடை வருமாயின் அடுத்த வினாவும் தவறாது வரும்: "அது நல்லதோ, கூடாதோ?" இந்த இரண்டாம் வினாவுக்கு விடையளிக்க நூல்கள் பல உள்ளன. முதலாம் வினாவின் விடை எவ்வாறு பெறப்பட்டது என்பதைக் கேட்பார் மிகச் சிலர். ஒரு பெண்ணின் கலியாணம் நிறைவேறுவதும் தட்டிப்போவதும் பல வேளைகளில் அந்த விடையையே பொறுத்திருத்தலின், அது பிறக்கும் வழியை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

விம்சோத்தரி என்பது நூற்றிருபது என்று பொருள்படும் வடசொல். மனிதனுக்கு முழு ஆயுள் 120 ஆண்டு எனக் கொண்டு, அதனை ஒன்பது கோள்களுக்கும் சமமின்றிப் பங்கிடும் முறை இது. கேதுவுக்கு 7, சுக்கிரனுக்கு 20, சூரியனுக்கு 6, சந்திரனுக்கு 10, செவ்வாய்க்கு 7, இராகுவுக்கு 18, வியாழனுக்கு 16, சனிக்கு 19, புதனுக்கு 17 என்பது பங்கு. இவ்வரிசை மாறுவதில்லை. ஒருவர் வாழ்வு எக்கோளின் திசையில் தொடங்குகிறது என்பதை மாத்திரம் பிறந்த நட்சத்திரம் தீர்மானிக்கிறது. உரோகிணி, அத்தம், திருவோணம் ஆகிய மூன்றில் ஒன்றிற் பிறந்தார்க்குத் தொடக்கம் சந்திர திசை. பராசரர் பெயரால் வழங்கும் ஓரா நூல் இம்முறையை விரித்துரைக்கின்றது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகச்சாதகத்தில் இது காணப்படவில்லை. அவர் கூறும் திசைக் கணக்கு வேறு. இன்று வீடுதோறும் வழங்கும் முறைதான் பண்டைய சோதிடர் யாவரும் கைக்கொண்ட முறை என எண்ணுதல் பொருந்தாது.

இன்னொன்றும் பலர் கருத்திற் படாதது. சந்திர திசை எல்லார்க்கும் வருவதன்று. பரணி, பூரம், பூராடம் ஆகியவற்றிற் பிறந்தார் 6 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையில் அதனுட் புகுவர். அச்சுவினி, மகம், மூலம் என்பவற்றிற் பிறந்தார் 26க்கும் 33க்கும் இடையில். ஆயிலியம், கேட்டை, இரேவதியாயின் 33க்கும் 50க்கும் இடையில். பூசம், அனுடம், உத்தரட்டாதியாயின் 50 கடந்த பின்னர். மிருகசீரிடத்திலோ சித்திரையிலோ அவிட்டத்திலோ பிறந்தவர் சந்திர திசையைக் காண்பதற்கு 103 ஆண்டாயினும் வாழ்ந்திருத்தல் வேண்டும்! ஆகவே "சந்திர திசைப் பலன்" என்று பொதுவாக எழுதப்படுவனவற்றைப் படித்து அஞ்சுவோரும் மகிழ்வோரும், அத்திசை தம் வாழ்நாளில் வருமோ என்பதை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

இத்திசைக்குரிய பத்தாண்டுக்கு ஓர் அழகுண்டு. பத்தாண்டென்பது 120 மாதம். முழு ஆயுளோ 120 ஆண்டு. ஆதலின் ஏனைய கோள்கள் ஆயுளில் எத்தனை ஆண்டு பெறுகின்றனவோ, சந்திர திசைக்குள் அத்தனை மாதமே புத்தியாகப் பெறுகின்றன. சந்திர புத்தி 10 மாதம், செவ்வாய் 7, இராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6. வேறெத்திசையிலும் கணக்கு இத்துணை எளிதாய் அமைவதில்லை. மனப்பாடத்தையே துணையாகக் கொண்டு கணித்த பழைய சாத்திரிமார் புத்தி வகுக்கும் பயிற்சியைச் சந்திர திசையிலிருந்து தொடக்குவித்தார்களாயின் அது வியப்பன்று.

நூல்கள் கூறும் பலனைச் சுருங்கச் சொல்லலாம். சந்திரன் தாய்க்கும் மனத்துக்கும் நீருக்கும் காரகன். வளர்பிறையிற் சுபன், தேய்பிறையிற் பாபன். கர்க்கடகம் ஆட்சி, இடபம் உச்சம், விருச்சிகம் நீசம். இவை எல்லார்க்கும் பொது. அவரவர்க்கு வேறாவது சந்திரன் எந்த வீட்டுக்கு அதிபதி என்பது. கர்க்கடக இலக்கினத்தார்க்கு அவனே இலக்கினாதிபதி. சிங்க இலக்கினத்தார்க்கு அவன் பன்னிரண்டாம் வீட்டு விரயாதிபதி. தனுவுக்கு எட்டாம் அதிபதி. கும்பத்துக்கு ஆறாம் அதிபதி. எனவே ஒரே நாளில் ஒரே ஊரிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவருக்கு உயர்வு தருமெனப்படும் திசை மற்றவருக்குச் செலவும் அலைச்சலும் தருமெனப்படும். கோள்களின் திசையே மனிதர் வாழ்வை நடத்துகின்றது என்பதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. அவ்வழக்கு ஒருபுறம் இருக்க, சாத்திரத்தை முற்றாக நம்புவார்க்கும் கணக்குச் சரியாயிருத்தல் வேண்டுமன்றோ? அக்கணக்குத்தான் இங்கே ஆராய்தற்குரியது.

கோள்கள் ஒன்பதனுள் விரைவானது சந்திரன். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் செல்கிறது. வேகம் மாறுபடுதலின் சில வேளை 21 மணி, சில வேளை 27 மணி. சராசரியாக 60 நாழிகை என வைத்துக்கொள்ளலாம். பிறந்த கணத்தில் அந்த நாழிகைகளிற் சென்றவை எத்தனை, நிற்பவை எத்தனை எனக் கண்டு, அவ்விகிதப்படியே முதற்றிசையைக் கழித்து எழுதுவர். குறிப்புகளின் தலைப்பில் "கர்ப்பச் செல் நீக்கி நின்ற திசை" எனக் காணப்படுவது இதுவே. சந்திரனின் பத்தாண்டும் 60 நாழிகைக்குள் அடங்குகின்றது. ஆகவே ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, இரண்டு மாதம். சுக்கிரனின் நட்சத்திரத்திற் பிறந்தார்க்கு ஒரு நாழிகைக்கு நாலு மாதம். தொடக்கத்தில் நேர்ந்த பிழை அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. பின்வரும் எல்லாத் திசைகளும் அதே அளவு முன்னோ பின்னோ தள்ளப்படும்.

சந்திரன் நிற்கும் இடத்தைத் துணிவது தமிழ் நிலத்துக் கணிதருக்கு என்றும் அருமைப்பாடான பணியாகவே இருந்தது. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் அதற்கென்றே எழுந்தவை. சந்திரன் தன் வேகமாறுபாட்டை ஒன்பது முறை முடிப்பதற்கு 248 நாளாகும். நாளுக்கொரு வாக்கியமாக, எழுத்துக்கு எண் வகுத்து, அந்நாளைய சந்திர நிலையை அவற்றுள் அடக்கி வைத்தனர். பதினான்காம் நூற்றாண்டிற் பிறந்த கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அவற்றை விகலை வரை திருத்தினார். 1825ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் ஏடும் எழுத்தாணியும் இன்றிச் சோகிகளை நிலத்திற் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக்கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனை நேரிற் கண்ட யோன் வாரன் என்ற உத்தியோகத்தர் தம் நூலிற் பதிந்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு நாலு நிமிடமே பிழைத்தது. முடிவிற் பிழை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. சோகிகளைக் கொண்டு இவ்வளவு கணித்தது பெருமைதான். ஆயினும் திசைக் கணக்குக்கு அந்த ஒரு மணித்தியாலம் சிறியதன்று. ஒரு மணியென்பது இரண்டரை நாழிகை; சந்திர திசையில் ஐந்து மாதம்.

யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே வழங்குகின்றன. நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டிலும் ஒத்திருப்பதில்லை. சில நாளிற் பல நாழிகை வேறுபடும். அயனாம்ச வேறுபாடோ இதனினும் பெரிது. இந்திய அரசு நியமித்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது. அதன்வழி வந்த, இலகிரி எனப்படும் அயனாம்சத்துக்கும் பெங்களூர் பி. வி. இராமன் கைக்கொண்ட அயனாம்சத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உண்டு. அதனால் சந்திர திசை ஓராண்டுக்கு மேல் முன்பின்னாகும். எனினும் இவை அறிஞர் அறிந்த வேறுபாடுகள். எப்பஞ்சாங்கத்தின்படி எழுதப்பட்டது எனக் குறிப்பிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். குறிப்பில் எழுதப்படாத பிழை ஒன்றுண்டு. அது நம் நாட்டு மணிக்கூட்டிலிருந்து வந்தது.

இலங்கையின் நியம நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அதில் அரைமணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரைமணி முன்னேற்றம் 2006ஆம் ஆண்டு ஏப்பிரில் வரை நீடித்து, அப்போதுதான் பழைய நேரத்துக்கு மீண்டது. இப்பத்தாண்டுக்குட் பிறந்த பிள்ளைகளின் பிறந்த நேரம் வைத்தியசாலைத் துண்டில் அக்காலத்து மணிக்கூட்டின்படியே எழுதப்பட்டது. பஞ்சாங்கமோ பழைய நியம நேரத்துக்குக் கணிக்கப்படுவது. அரைமணியைக் கழித்துக் கணித்த சாத்திரியார் உளர். கழியாது கணித்தவரும் உளர். இன்று கணனியிற் பிறந்த ஊரையும் நேரத்தையும் இட்டுக் குறிப்பு எடுப்பவர்களுள்ளும், அக்கணனி இந்த மாற்றத்தை அறியுமோ எனச் சோதிப்பவர் சிலரே. அக்காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது சம்பந்தம் பேசப்படுகிறது.

அரைமணி கழியாவிடின் நேர்வது யாது? பிள்ளை உண்மையிற் பிறந்ததற்கு அரைமணி பிந்திப் பிறந்ததாகக் கணக்கு அமையும். உரோகிணியிற் பிறந்த பிள்ளைக்குச் சந்திர திசை இருப்பு இரண்டரை மாதம் குறைந்துவிடும். பூரத்திற் பிறந்த பிள்ளைக்குச் சுக்கிர திசை இருப்பு ஐந்து மாதம் குறையும். இலக்கினத்தின் நிலை இன்னும் மோசம். ஓர் இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்பது. ஆதலின் அரைமணிப் பிழையினால் நாலில் ஒரு பிள்ளைக்கு இலக்கினமே மாறிவிடும். கர்க்கடகத்திற் பிறந்த பிள்ளை சிங்கத்திற் பிறந்ததாக எழுதப்படும். இலக்கினாதிபதியின் திசையென்று கொண்டாடவேண்டிய பத்தாண்டை விரயாதிபதியின் திசையென்று அஞ்சிக் கழிக்க நேரும்.

பொருத்தம் பார்க்கையிற் பெரிதும் பேசப்படும் திசாசந்தியை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் திசை முடிவுகள் அடுத்தடுத்து வருதல் ஆகாது என்பது வழக்கம். இடைவெளி ஆறு மாதமாயினும் வேண்டும் என்பர் சிலர்; ஓராண்டு வேண்டும் என்பாரும் உளர். 1999ஆம் ஆண்டு யூலையிற் பூரத்திற் பிறந்த ஒரு பெண்ணுக்குச் சுக்கிர திசை இருப்பு 15 ஆண்டு என எழுதப்பட்டிருப்பதாகக் கொள்க. அதன்பின் சூரியன் 6, சந்திரன் 10. ஆகவே சந்திர திசை முடிவு 2030 யூலை. அவளுக்குப் பேசப்படும் மணமகன் 1995 நவம்பரில், மணிக்கூடு மாறுமுன், உரோகிணியிற் பிறந்தவன். சந்திர திசை இருப்பு 9 ஆண்டு 4 மாதம். செவ்வாய் 7, இராகு 18 கூட்டினால், இராகு திசை முடிவு 2030 மார்ச்சு. இடைவெளி நாலு மாதம். "திசாசந்தி உண்டு, விட்டுவிடுங்கள்" என்று தீர்ப்பு வரும். பெண்ணின் குறிப்பில் அரைமணியைக் கழித்துக் கணித்தால் அவள் திசை ஐந்து மாதம் பின்செல்லும்; சந்திர திசை முடிவு 2030 திசெம்பர். இடைவெளி ஒன்பது மாதம். ஆறு மாத விதியைக் கைக்கொள்ளும் அதே சாத்திரியார் அதே பொருத்தத்தை ஏற்றிருப்பார். சாத்திரம் மாறவில்லை, இரு வீட்டாரின் மனமும் மாறவில்லை. சுவரில் தொங்கிய மணிக்கூடு ஒரு பெண்ணின் சம்பந்தத்தைக் கலைத்துவிட்டது.

இந்தச் சிக்கல் நாட்டுக்குப் புதியதும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, மணிக்கூடுகள் இவ்வாறே முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. 1996இன் பின்னர் வடபகுதியில் இது இருமடங்கு சிக்கலாயிற்று. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னிப் பகுதிகளிற் பழைய நேரமே தொடர்ந்து வழங்கியது. வவுனியா வைத்தியசாலையிற் பிறந்த பிள்ளைக்கு அரைமணி கழிக்கவேண்டும். அதே நாளில் வன்னிக்குள்ளே பிறந்த பிள்ளைக்குக் கழித்தாற் பிழை. இரண்டு குறிப்பிலும் 6 மணி 10 நிமிடம் என்று ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கலாம். எந்த மணிக்கூட்டின் 6 மணி 10 நிமிடம் என்பதை எக்கணனியும் கூறாது. அதனை அறிந்தவர்கள் பிரசவத்தின்போது உடனிருந்த தாயாரும் பேத்தியாரும் மருத்துவிச்சியுமே. அவர்களுள் ஒருவராவது உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே, பழைய நேரமோ புதிய நேரமோ என்று கேட்டு, அவ்விடையைக் குறிப்பின் தலைப்பில் மையினால் எழுதிவைத்தல் வேண்டும். திசை இருப்பைத் திருத்தச் சாத்திரியாருக்கு அதன்பின் கால்மணி நேரம் போதும்.