கன்னக்கோலும் சாவிக்கொத்தும்



தமிழில் ‘கன்னம் வைத்தல்’ என்றொரு வழக்கு உண்டு. இரவில் சுவரைத் துளைத்து உட்புகுந்து பொருளைக் கவர்வதற்கு அப்பெயர். அதற்குரிய கருவி கன்னக்கோல். பூட்டும் கதவும் காவலும் இக்கள்வனை எண்ணியே அமைந்தவை. ஆயினும் சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் கன்னக்கோல் ஏந்தியவன் அல்லன். அரண்மனையோடு பழகிய பொற்கொல்லன். பழியோ குற்றமற்ற வணிகன் ஒருவன் தலையில் விழுந்தது.

வணிகக் குடும்பங்கள் இக்கதையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடைக்கு இழப்பு வரும் வழி இரண்டு: ஒன்று கன்னக்கோல், மற்றொன்று சாவிக்கொத்து. காப்பீட்டு நிறுவனங்களும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே கருதுகின்றன. முன்னதற்கு எடுத்த பாலிசி பின்னதற்கு உதவாது. இவ்வேறுபாட்டை இழப்பு நேர்ந்தபின் அறிவதைவிட முன்னரே அறிதல் நன்று.

முதலில் கன்னக்கோலின் வழி. கொள்ளைக் காப்பீடு எனப்படும் பாலிசி, கட்டடத்தினுள் வன்முறையால் புகுந்தோ வன்முறையால் வெளியேறியோ நிகழ்த்தப்பட்ட திருட்டுக்கே பொதுவாக இழப்பீடு தருவது. பூட்டு உடைப்பு, ஓடு பிரிப்பு, சுவர்த் துளை போன்ற அடையாளம் வேண்டும். ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும், பாலிசியின் சொற்கள் அவ்வாறு இருக்கையில் வன்முறையற்ற திருட்டுக்கு இழப்பீடு கோர இயலாது என்றே தீர்ப்பளித்தது. ஊழியரோ வீட்டாரோ உடந்தையாக இருந்த திருட்டும், இருப்பெடுக்கையில் மட்டும் தெரியவரும் குறையும் இப்பாலிசியில் பொதுவாக அடங்கா. இரும்புப் பெட்டியை அதன் சாவியாலேயே திறந்து எடுத்த பணத்திற்கும், அச்சாவி மிரட்டிப் பறிக்கப்பட்டதாக இருந்தாலன்றி, இழப்பீடு கிடைப்பதரிது.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டுவதும் பெரும்பிழை. கடையின் சரக்கு 20 லட்சம் ரூபாய் பெறும் எனக் கொள்க. பிரீமியத்தைக் குறைக்க எண்ணி 10 லட்சத்திற்கே காப்பீடு செய்தவரிடம் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு களவு போனால், கிடைக்கக்கூடியது 2 லட்சமே. பாதிச் சரக்குக்கே காப்பீடு செய்தவர், மறுபாதிக்குத் தாமே காப்பாளர் ஆகிறார் என்பது விதி. சரக்கு முழுவதும் ஒரே இரவில் களவு போக இயலாத கிடங்குகளுக்கு, ஒரு பகுதிக்கு மட்டும் காப்பீடு பெறும் முறை தனியே உண்டு. ஆனால் அது பாலிசியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கடையிலிருந்து வங்கிக்கு எடுத்துச் செல்லும் பணத்திற்கும் ‘மணி இன்சூரன்ஸ்’ எனத் தனிக் காப்பீடு வேண்டும்.

இனிச் சாவிக்கொத்தின் வழி. பணம் கையாளும் ஒருவரை வேலைக்கு அமர்த்துமுன், அவர் உறவினரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஜாமீன் கேட்பது முற்கால வழக்கம். குமாஸ்தா கையாடினால், ஜாமீன் நின்ற மாமனின் நிலம் போகும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பிணை நின்றவரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்கு இணையானது என்றே கூறுகிறது. இச்சுமையைக் குடும்பங்களிடமிருந்து நீக்கி, கட்டணம் பெற்றுத் தானே பிணை நிற்கும் நிறுவனம் ஒன்று 1840இல் இலண்டனில் தோன்றியது. இன்று ‘ஃபிடிலிட்டி கேரண்டி’ என வழங்கும் ஊழியர் நாணயக் காப்பீட்டின் தொடக்கம் அதுவே.

“இருபது ஆண்டு உடனிருந்தவர்மேல் காப்பீடு எடுப்பது அவரை அவமதிப்பதாகாதா?” என்று சிலர் தயங்குவதுண்டு. வரலாறு வேறு விடை தருகிறது. ஏழை ஊழியரின் சுற்றத்தாரை ஜாமீன் சுமையிலிருந்து விடுவிக்க வந்த ஏற்பாடு இது. தனி ஒருவர் பெயரிலன்றி, பதவிகளின் பெயரிலோ ஊழியர் அனைவருக்கும் சேர்த்தோ எடுக்க வழி இருப்பதால், எவர்மீதும் ஐயம் சுட்டப்படுவதில்லை.

இக்காப்பீட்டின் நிபந்தனைகளில் மூன்று நினைவில் நிற்க வேண்டும்.

முதலாவது, யார் ஊழியர் என்பது. சம்பளத்திற்குப் பணியாற்றுவோரின் மோசடிக்கே இது பொருந்தும். பங்காளிகளின் செயலுக்குப் பொருந்தாது. சம்பளப் பட்டியலில் இடம்பெறாத மருமகனோ மைத்துனர் மகனோ கல்லாவில் அமர்ந்திருந்தால், அவரை ஊழியர் என மெய்ப்பிப்பது கடினம். குடும்பமாக வணிகம் நடத்துவோர் இதனைத் தவறாது கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, சரிபார்ப்பு. விண்ணப்பத்தில், கணக்கு எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்ற கேள்வி இருக்கும். அங்கு எழுதியதை நடைமுறையில் கைவிட்டால் இழப்பீடும் கைநழுவலாம். பணம் வாங்குபவரே பேரேடும் எழுதலாகாது. வங்கிக் கணக்கைப் பேரேட்டோடு மாதந்தோறும் வேறொருவர் ஒப்பிட வேண்டும். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத கணக்கரும் ஆண்டில் சில நாளேனும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, மௌனம். கையாடல் தெரிந்ததும் “வெளியே தெரிந்தால் கடையின் பெயர் கெடும்” என்று கண்டித்துவிட்டு, அவரையே மீண்டும் கல்லாவில் அமர்த்துவது பல கடைகளில் நடப்பது. தெரிந்தபின் அவரால் நேரும் இழப்பைப் பாலிசி ஏற்பதில்லை. கண்டுபிடிப்பதற்கும் தெரிவிப்பதற்கும் காலவரம்பு உண்டு. எனவே காவல்துறையிடம் புகாரும், நிறுவனத்திற்கு எழுத்து வடிவில் அறிவிப்பும் தாமதமின்றிச் செல்ல வேண்டும். அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி இழப்பில் கழிக்கப்படுவதால், அவசரப்பட்டுக் கணக்குத் தீர்த்து அனுப்புவதும் தகாது.

கைப்பேசி வழி வரும் மோசடி மூன்றாவது வழியாகப் பெருகி வருகிறது. மேற்சொன்ன பாலிசிகளில் அது தானாக அடங்கிவிடும் என எண்ணலாகாது. அதற்கெனத் தனிக் காப்பீடு உண்டு. பணம் போனது தெரிந்த நொடியே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிப்பது முதற்கடமை.

மீண்டும் சிலம்புக்கு வருவோம். மன்னன் ஆராயவில்லை. அரசியின் சிலம்பு யார் கையில் இருந்தது, கடைசியாக அதனைத் தொட்டவர் யார் என்று கேட்டிருந்தால், கோவலன் பிழைத்திருப்பான். சரியான கணக்கு கள்வனைக் காட்டுவதோடு நிற்பதில்லை. குற்றமற்றவனைக் காக்கவும் செய்கிறது. பெட்டியில் பணம் குறைந்த அன்று ஐயம் முதலில் விழுவது பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த பையன்மேல்தான். அவனுக்காகப் பேசக்கூடியது பேரேடு ஒன்றே.

காப்பீடு இழந்த பொருளின் மதிப்பைத் திருப்பித் தரலாம். நம்பிக்கையைத் திருப்பித் தராது. அதைக் காப்பது நாள்தோறும் நிகழும் சரிபார்ப்பே. ஆகவே இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், பெட்டியில் உறங்கும் பாலிசியை எடுத்து ஒருமுறை முழுதும் படிப்பாராக. எது அடங்கும், எது அடங்காது என்பதைக் கடையின் அடுத்த தலைமுறைக்கும் எடுத்துரைப்பாராக. வணிகம் ஓங்குக, நாணயம் நிலைபெறுக.